கண் மூடாத பூனை: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் டீச்சர் ஒரே ஆள் அல்ல. வளர்த்த பூனையையோ நாயையோ பறிகொடுத்துவிட்டு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயங்களை ஒருவருடைய கதையாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். வயது, வேலை, பூனையின் பெயர் எதுவும் அசல் இல்லை. மருத்துவ விவரங்களில் மட்டும் கை வைக்கவில்லை.

வந்தபோது

"சார், சின்ன விஷயம்தான். உங்க நேரத்தை வீணாக்குறேனோன்னு இருக்கு."

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் கொண்டுவரும் விஷயம் பெரும்பாலும் சின்னதாக இருப்பதில்லை. அவருக்கு 56 வயது. பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து 6 வருடம். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவரும் துரையும் மட்டும். துரை என்பது 13 வயதான ஆண் பூனை. வந்த முதல் நாளே சோபாவின் நடுவில் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொண்டதால் அந்தப் பெயர். அவன் இறந்து 7 வாரம் ஆகியிருந்தது.

முதல் கால் மணி நேரத்தில் நான் கவனித்தது அவர் சொன்னதை அல்ல, திருத்திக்கொண்டதை. "அவன் சாப்பிடவே இல்ல" என்பார். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது சாப்பிடல" என்பார். உயர்திணையில் ஆரம்பித்து அஃறிணையில் முடிப்பது, நாலைந்து தடவை. வெளியில் எங்கோ இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு விசாரித்தபோது அதுதான் நடந்திருந்தது. ஆசிரியர் அறையில் "துரை போயிட்டான்" என்று சொல்லி அழுதிருக்கிறார். யாரோ உறவுக்காரப் பையன் என்று நினைத்து எல்லோரும் பதறிப்போய் எழுந்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவர், "அட, பூனை செத்துப்போச்சா! நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்துவிட்டார். அந்த ஆள் கெட்டவர் இல்லை. நிம்மதியில் சிரித்த சிரிப்பு. ஆனால் அன்றிலிருந்து டீச்சர் யாரிடமும் துரையைப் பற்றிப் பேசவில்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. அடுத்த கேள்வியில், "அவன் எத்தனை நாள் சாப்பிடாம இருந்தான்?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் திருத்திக்கொள்ளவில்லை.

தொந்தரவுகள்

காலை 4:30 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. 7 வாரத்தில் 4 கிலோ எடை குறைந்திருந்தது. துரை கடைசியாகப் பதுங்கியிருந்த பின்னறைக்குள் போக முடியவில்லை. சன்னலிலிருந்து அவன் குதிக்கும் 'தொப்' சத்தம் சில இரவுகளில் கேட்கிறது. கண்ணோரத்தில் கறுப்பாக ஏதோ நகர்வது போலத் தெரிகிறது, திரும்பினால் பை. இவற்றோடு ஒரு காட்சி: மருத்துவர் மேசையில் துரை கண்ணைத் திறந்து தன்னையே பார்ப்பது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட வந்து நிற்கும் என்றார். கூடவே ஒரு வாக்கியம்: "நான் கொன்னுட்டேன்."

பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 27க்கு 14 வந்தது. மிதமான மனச்சோர்வின் மேல் எல்லை அது. 9ஆவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். இந்த இடத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. நேராகவே கேட்டேன். "சாகணும்னு இல்ல சார். காலையில எழுந்திருக்காம இருந்தா தேவலைன்னு தோணும்." திட்டமோ வழியோ யோசித்தாரா என்று கேட்டேன், இல்லை. அவர் சம்மதத்தோடு தங்கைக்குத் தகவல் சொன்னோம். தங்கை அன்று இரவிலிருந்து 3 வாரம் அங்கேயே தங்கினார். ஒவ்வொரு சந்திப்பிலும் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். 4ஆவது சந்திப்புக்குப் பிறகு பதில் 'இல்லவே இல்லை' ஆகிவிட்டது. பூனைக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போவாரா என்று நினைத்து இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தாண்டக் கூடாது.

நீடித்த துக்கக் கோளாறா என்ற கேள்வி எழவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5-டி.ஆரின்படி பெரியவர்களுக்கு அதைச் சொல்ல 12 மாதம் கழிந்திருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இன்படி 6 மாதம். தவிர, அமெரிக்கக் கையேடு பேசுவது நெருங்கிய 'மனிதரின்' மரணத்தைப் பற்றி. பூனை அந்த வாக்கியத்துக்குள் வராது. இந்த விடுபடல் எனக்கு உறுத்துகிறது. ஆனால் 7ஆவது வாரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றும் இல்லை.

கணவரா, பூனையா

தங்கை ஒரு நாள் வாய்தவறி, "அத்தான் போனப்பகூட நீ இப்படி அழலையே அக்கா" என்று சொல்லிவிட்டார். டீச்சருக்கு இது இரண்டாவது குற்றம் ஆகிவிட்டது. பூனையைக் கொன்றவள், கணவருக்கு அழாதவள்.

எனக்கும் ஒரு சபலம் வந்ததை மறைக்கப் போவதில்லை. கணவருக்காக அழாத அழுகைதான் பூனையின் பேரில் வெளியே வருகிறது என்று விளக்கிவிட்டால் கதை அழகாகப் பொருந்திவிடும். பாடப்புத்தகத்துக்கும் பிடிக்கும். 2 சந்திப்புகள் அந்தத் திசையில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கணவருக்காக அவர் நன்றாகவே அழுதிருக்கிறார், ஒரு வருடம். ஆனால் அப்போது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பள்ளியில் விடுப்பு கொடுத்தார்கள். "எப்படி இருக்கீங்க" என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். அவர் அழுததைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். துரைக்கு அவர் ஒருவர்தான். மறுநாள் காலை முதல் பீரியட் கணக்கு வகுப்பு.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மை, வலியும் உண்மை, ஆனால் துக்கப்பட உனக்கு உரிமை இல்லை என்று சுற்றியுள்ளவர்கள் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். பிராணிகளின் மரணம் இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய ஒரு விஷயத்தையும் சொன்னேன்: பண்டைய எகிப்தில் வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அந்த வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். டீச்சர் 7 வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "நானும் எடுத்திருந்தா லீவு கொடுத்திருப்பாங்களோ?"

நான் சறுக்கிய இடம்

2ஆவது சந்திப்பில், "நான் கொன்னுட்டேன்" என்று அவர் மூன்றாவது தடவை சொன்னபோது, "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல டீச்சர், அவனோட வலியை முடிச்சு வச்சீங்க" என்றேன். சரியான வாக்கியம்தான், தவறான நேரத்தில். அவர் தலையாட்டினார், நன்றி சொன்னார், அடுத்த சந்திப்புக்கு வரவில்லை.

2 வாரம் கழித்து வந்தவரிடம் காரணம் கேட்டேன். "நீங்களும் எல்லாரையும் மாதிரி பேச்சை முடிச்சு வச்சிட்டீங்களே தம்பி" என்றார். அன்றிலிருந்துதான் நான் 'சார்' இல்லாமல் 'தம்பி' ஆனேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். "அது வெறும் பூனைதானே" என்பதும் "உங்க மேல தப்பில்லை" என்பதும் அவர் காதில் ஒரே மாதிரி விழுந்திருக்கின்றன. இரண்டுமே கதவைச் சாத்துகிற வார்த்தைகள். தப்பில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நான் வழக்கையே கேட்டிருக்கவில்லை. அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே 3ஆவது சந்திப்பில் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அந்தக் கடைசி நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அந்த 20 நிமிடம்

துரைக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். வயதான பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருவது. 2 வருடமாக மருந்து, தனி உணவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது எல்லாம் வீட்டிலேயே நடந்தது. பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசி போட டீச்சர் பழகியிருந்தார். கடைசி வாரம் வாந்தி, 4 நாள் பட்டினி, பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வராமை. மருத்துவர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம், தூங்க வச்சிடலாம்" என்றிருக்கிறார்.

தூங்க வைப்பது. இந்தச் சொல்தான் மொத்தக் கதையின் முடிச்சு. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

முதலில் ஒரு மயக்க ஊசி. துரை அவர் கையில் தலையை வைத்துத் தளர்ந்தான். பிறகு முன்னங்காலில் இரண்டாவது ஊசி. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுது" என்றார். டீச்சர் குனிந்து பார்த்தார். கண் திறந்திருந்தது. கருவிழி அகன்று, முழுக்கக் கறுப்பாக, நேராக அவரைப் பார்த்தபடி. அவர் கையால் மூடப் பார்த்தார். இமை மறுபடி திறந்துகொண்டது. ஒரு நிமிடம் போனதும் துரை வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சு இழுத்தான். காலில் ஒரு துடிப்பு. மேசைத் துணி ஈரமானது. டீச்சர் வெளியே ஓடிவிட்டார். உள்ளே திரும்பப் போகவில்லை.

இதுதான் 7 வாரமாக, பிறகு இன்னும் 2 வாரமாக, அவர் யாரிடமும் சொல்லாமல் சுமந்தது. அவர் புரிந்துகொண்ட விதம்: தூங்க வைக்கிறேன் என்றார்கள், அவன் தூங்கவில்லை, விழித்துக்கொண்டான், மூச்சுக்குத் திணறினான், பயத்தில் சிறுநீர் கழித்தான், நான் அவனை உயிரோடு விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோது தமிழில் முதலில் அகப்பட்ட சொல் 'கருணைக்கொலை'. "பேரிலேயே கொலைன்னு இருக்கே தம்பி. அப்புறம் எப்படி நான் இல்லைன்னு சொல்றது?"

ஒரு பக்கம் 'தூக்கம்' என்று பொய் சொல்லும் சொல். இன்னொரு பக்கம் 'கொலை' என்று குற்றம் சாட்டும் சொல். நடந்ததை நடந்தபடி சொல்ல நடுவில் எளிய சொல் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் அவர் விழுந்துவிட்டார்.

நான் அவரிடம், இதற்கான பதில் எனக்கு அரைகுறையாகத் தெரியும், ஆனால் சொல்ல வேண்டியவர் நான் இல்லை, அந்த மருத்துவர்தான் என்றேன். அந்த மருத்துவமனைப் பக்கமே போக மாட்டேன் என்றார். 4ஆவது சந்திப்பு முழுவதும் கேள்விகளை எழுதுவதிலேயே போனது. பள்ளி நோட்டுத் தாளில் 4 கேள்விகள். 5ஆவதற்கு முன்னால் தங்கையோடு போய் வந்தார்.

முதல் கேள்வி, அவனுக்குத் தெரிந்ததா. மருத்துவர் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது ஊசி பென்டோபார்பிட்டால், மயக்க மருந்து வகையைச் சேர்ந்தது, அளவு மட்டும் மிக அதிகம். முதலில் அணைவது உணர்வு, சில நொடிகளில். அதற்குப் பிறகுதான் மூச்சு நிற்கும், அதற்கும் பிறகு இதயம். அவர் பார்த்த அந்தப் பெரிய மூச்சு இதயம் நின்ற பிறகு தண்டுவடமும் மூளைத்தண்டும் தாமாகச் செய்யும் அனிச்சைச் செயல். காலில் வந்த துடிப்பும் அப்படித்தான். தசைகள் எல்லாம் தளரும்போது சிறுநீர்ப்பையும் தளரும், அதனால்தான் துணி ஈரமானது. பயத்தினால் இல்லை, பயப்பட அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது கேள்வி, கண். கண்ணை மூடி வைத்திருக்கத் தசை வேலை செய்ய வேண்டும். இறந்த உடலில் அந்த வேலையைச் செய்ய ஒன்றும் இல்லை, ஆகவே பூனைகள் பெரும்பாலும் கண் திறந்தபடியேதான் இறக்கின்றன. கருவிழி அகன்றதும் தசை தளர்ந்ததால்தான். அவன் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணுக்கு எதிரே அவர் நின்றிருந்தார், அவ்வளவே.

இதை எல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அன்று கூட்டம், விட்டுவிட்டேன் என்று மருத்துவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த மன்னிப்பு என்னுடைய 4 சந்திப்புகளைவிட அதிக வேலை செய்தது என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டில் வயதான பிராணி இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் சொல்வது: அந்த நாள் வந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் "அப்புறம் நான் என்னென்ன பார்ப்பேன்?" என்று கேட்டுவிடுங்கள். கூட இருக்கப் போகிறோமா இல்லையா என்பதைக்கூட அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

மூன்றாவது, முன்னாடியே கண்டுபிடித்திருக்கலாமா. இதற்குப் பதில் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. பூனைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு ரத்தப் பரிசோதனையில் வரம்பைத் தாண்டுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். நோயின் 4 நிலைகளில் துரைக்குத் தெரிய வந்தது 2ஆம் நிலையில். அது மோசமில்லை. ஆனால் அதற்கு 2 மாதம் முன்பே அவன் கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் காலியாவதை டீச்சர் பார்த்திருந்தார், வெயில் என்று விட்டுவிட்டார். மருத்துவர் அதை இல்லை என்று மழுப்பவில்லை. 2 மாதம் முன்னால் வந்திருந்தால் உணவை 2 மாதம் முன்னால் மாற்றியிருப்போம், மற்றபடி எவ்வளவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார்.

நான்காவது, இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பானா. "இருந்திருக்கலாம். நல்ல வாரமா இருந்திருக்காது."

மார்க் போட்டது

அறிவளவில் பதில் கிடைத்த பிறகும் நான்காவது கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வாரம் முன்னால் முடித்துவிட்டோமோ. டீச்சரிடம் ஒரு நோட்டு இருந்தது. 2 வருடமாகத் தேதி போட்டு எடை, ஏற்றிய திரவம் எத்தனை மில்லி, சாப்பிட்டானா, வாந்தியா, மடியில் வந்து உட்கார்ந்தானா எல்லாம் எழுதியிருந்தார். அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபாஸ் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று 7 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 35க்கு மேல் இருந்தால் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இதை முன்கூட்டிப் பயன்படுத்துவதுதான் முறை. நாங்கள் பின்னோக்கிப் பயன்படுத்தினோம். கடைசி 12 நாட்களை நோட்டிலிருந்து வாசித்து ஒவ்வொரு நாளுக்கும் மார்க் போட்டோம். டீச்சருக்கு இது கைவந்த வேலை. சிவப்பு மை பேனாவை அவரே பையிலிருந்து எடுத்தார்.

முதல் நாள் 39. அப்புறம் 36, 37, 33. 'மகிழ்ச்சி' தலைப்பில் ஒரு நாளுக்கு அவர் 2 போட்டார், யோசித்து அடித்துவிட்டு 1 ஆக்கினார். கடைசி நாளுக்கு மொத்தம் 14. பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் அந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தார். "கருணை மார்க் போட்டாக்கூடப் பாஸாக மாட்டான்" என்றார். அழுதார். முன்பு அழுத அழுகை வேறு, இது வேறு. முன்பு அழும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

இதற்குப் பிறகு மேசைக் காட்சி வருவது குறைந்தது. வரும்போதும் "பார்க்கிறான்" என்பது போய் "கண் திறந்திருந்தது" என்று மாறியிருந்தது.

தண்ணீர்க் கிண்ணத்து விஷயம் மட்டும் அப்படியே இருந்தது. அதை நான் கரைக்க முயலவில்லை. செய்யாத குற்றத்தைச் சுமப்பது வேறு, கவனிக்காமல் விட்டதற்கு வருந்துவது வேறு. இரண்டாவதை இல்லை என்று சாதித்தால் முதலாவதையும் நம்ப மாட்டார். துரைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அதில் என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. ஒன்றரைப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

சத்தம், கிண்ணம், நகத்தோல்

'தொப்' சத்தத்துக்காக அவர் ரொம்பப் பயந்திருந்தார், புத்தி பேதலிக்கிறதோ என்று. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்தவர்களிடம் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ கேட்டதாகவோ சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இதைக் கேட்டதும் டீச்சர், "அவர் இருமுற சத்தம்கூட ஒரு தடவை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். 13 வருடம் ஒரு சத்தத்துக்குப் பழகிய காது, அதை எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற சன்னலில் ஒட்ட வைத்துக்கொள்கிறது. சத்தம் நின்றதா என்றால் இல்லை. பயம் நின்றது.

காலை 4:30ம் அப்படித்தான். துரை அந்த நேரத்துக்கு வந்து நெற்றியில் தலையால் முட்டுவானாம். பூனையோடு இருந்தவர்களுக்குத் தெரியும், நம் நாளை அவர்கள்தான் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். இத்தனை மணிக்குக் கதவு, இத்தனை மணிக்குத் தண்ணீர், இத்தனை மணிக்கு மடி. ஆள் இறந்தால் நம்மில் ஒரு பகுதிதான் அவரோடு நேரத்தால் பிணைந்திருக்கும். பூனை இறந்தால் நேரம் முழுக்க அறுந்து தொங்குகிறது. மனத்தைவிட உடம்புக்குத்தான் இந்தச் செய்தி தாமதமாகப் போய்ச் சேருகிறது.

இணையத்தில் படித்துவிட்டு, "எனக்குக் கோபமே வரலையே, பேரம் பேசுற கட்டமும் வரலை, நான் எங்கயோ மாட்டிக்கிட்டேனா?" என்று கேட்டார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் 5 கட்டங்களாக உலகமே மனப்பாடம் செய்திருக்கும் அந்தக் கணக்கை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதியது, சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசி, அவர்கள் தம் சாவை எதிர்கொள்வதைப் பற்றி. அதைத் தூக்கி, மிச்சம் இருப்பவர்கள் தலையில் வைத்துப் பாஸா ஃபெயிலா பார்ப்பது என்னை எரிச்சல்படுத்தும் விஷயங்களில் ஒன்று. எனக்கு அதிகம் உதவுவது துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த பார்வை. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும், வாழ்க்கையைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் பக்கமும் மாறி மாறி ஊசலாடுகிறார். அந்த ஊசலாட்டமே ஆரோக்கியம். காலையில் அழுதுவிட்டு மத்தியானம் விடைத்தாள் திருத்துவது துரோகமும் இல்லை, நடிப்பும் இல்லை.

அதன்படி 4:30க்கு ஒரு ஏற்பாடு செய்தோம். எழுந்ததும் அரை மணி நேரம் துரைக்கு. அழலாம், நோட்டைப் புரட்டலாம், போட்டோ பார்க்கலாம். 5 மணிக்கு அலாரம். அலாரம் அடித்தால் குளியல், பிறகு நடை. முதல் வாரம் அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். 2ஆவது வாரம் 3 நாள் நடந்தார்.

பொருட்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உடனே கண்மறைவாக்குங்கள் என்பவர்களும் உண்டு, அப்படியே வையுங்கள் என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பொது விதி கிடையாது. பிரிக்காத திரவப் பைகளையும் ஊசிகளையும் அவரே மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வந்தார், வேறு பூனைக்கு ஆகும் என்று. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், எடுக்கவில்லை. 8ஆவது சந்திப்புக்கு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். பூனை நகத்தின் மேல்தோல் தேய்ந்து பிறை மாதிரிக் கழன்று விழும், தெரியுமா? சோபாவின் கையில், அவன் பிராண்டிப் பிராண்டி நூல் நூலாக்கிய இடத்தில், அப்படி ஒன்று குத்திக்கொண்டு நின்றதாம். உள்ளே வெறும் கூடு. விரல் நுனியில் வைத்துக் காட்டினார். ஊதினால் பறந்துவிடும்போல இருந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம்.

அந்தச் சோபாவைத்தான் மாற்றிவிடச் சொல்லித் தங்கை நச்சரித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு பூனை வாங்கிக்கோயேன்" என்று பள்ளியில் சொன்னவர்களைவிட இதில்தான் டீச்சருக்குக் கோபம் வந்தது. இன்னொரு பூனை பற்றிக் கேட்டபோது, "வேணும்னு தோணுறப்ப வேணும்னு தோணட்டும். இப்ப வர்றது பாவம், துரையோட வேலைக்கு வந்த டெம்பரரி டீச்சர் மாதிரி இருக்கும்" என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

முடிவில்

5 மாதத்தில் 11 சந்திப்புகள். கடைசிச் சந்திப்பில் பி.எச்.கியூ-9 மதிப்பெண் 5. எடையில் 3 கிலோ திரும்பியிருந்தது. பின்னறையில் இப்போது விடைத்தாள் திருத்துகிறார். தங்கை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. துரையைப் பற்றிப் பேசும்போது தங்கையும் 'அவன்' என்றுதான் சொல்கிறார் என்பது போனில் பேசியபோது காதில் விழுந்தது.

6 மாதம் கழித்து நலம் விசாரிக்க அழைத்தேன். 4:30க்கு இன்னும் விழிப்பு வருகிறது என்றார். சத்தம் எப்போதாவது. சோபா என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"புதுசா உறை தச்சுப் போட்டாச்சு தம்பி. தங்கச்சிதான் தச்சா. அந்தக் கை மட்டும் வெளியே தெரியற மாதிரி வெட்டி விடச் சொன்னேன். ரெண்டு நாள் திட்டிக்கிட்டே வெட்டினா."